நீலக் கொடியும் பிரெஞ்சு இன்ஜினும்

வளைகுடாவில் பிரெஞ்சுக் கார் வாங்கியவனுக்குப் புத்தி சொல்லாத ஆளே கிடையாது. பெட்ரோல் பங்க்கில் கண்ணாடி துடைப்பவர் சொல்வார். வண்டிக்கு வருஷாந்திரச் சோதனை, அதாவது பாஸிங், எடுக்கும் இடத்தில் வரிசையில் நிற்பவர் சொல்வார். முடி வெட்டுபவர் கழுத்தில் துண்டைப் போட்டு நாம் எழுந்து ஓட முடியாதபடி செய்துவிட்டுச் சொல்வார். "பாய், ஜப்பான் வண்டி வாங்கியிருக்கலாமே, இதுக்கு பார்ட்ஸ் மாஃபி." பார்ட்ஸ் கிடைக்காதாம். அவர் அந்த வண்டியில் ஒரு நாளாவது உட்கார்ந்திருப்பாரா என்று கேட்டால் அதுவும் மாஃபி.

நான் அல் ஐனில் ஏ.சி. மராமத்து பார்க்கும் ஒரு கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். சொந்த ஊர் காரைக்கால். அதனால் பிரெஞ்சுப் பாசமா என்று கேட்பார்கள். ஒரு மண்ணும் இல்லை. பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சை எடுத்து, ஃபெயிலாகி, மார்க் அட்டையைக் கையெழுத்துக்காக நீட்டியபோது அப்பாவிடம் செம்மையாக வாங்கியவன் நான். காரை வாங்கியதற்குக் காரணம் அது மலிவாகக் கிடைத்தது, அவ்வளவுதான். ஒரு லெபனான்காரர் ஊரைக் காலி செய்துகொண்டு போனார், விற்க ஆள் கிடைக்காமல் தவித்தார், நான் அகப்பட்டேன்.

வாங்கிய வாரமே என் ரூம்காரன் அதைச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்றான். அவன் மன்னார்குடிப் பக்கம். அவன் வாயைத் திறந்தால் எதிரே இருப்பவனுக்கு ரத்தம் கொதிக்கும், அப்படி ஒரு வரம் வாங்கி வந்தவன். ஜெபல் ஹஃபீத் மலைக்கு விடச் சொன்னான். அடிவாரத்திலேயே செருப்பைக் கழற்றி மறுபடி வாரை இறுக்கிப் போட்டுக்கொண்டான்.

"என்னடா பண்றே?"

"பாதியில இறங்கி நடக்கணும்ல, அதான் ரெடியா இருக்கேன்."

அந்தச் சின்ன இன்ஜின் முனகவில்லை, திணறவில்லை. வளைவுக்கு வளைவு கியரை மாற்றிக் கேட்டது, மாற்றிக் கொடுத்தேன், ஏறிக்கொண்டே போனது. உச்சியில் நிறுத்தியபோது ரூம்காரன் இறங்கி, பானெட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "ஏதோ இன்னிக்கி நல்ல மூட்ல இருக்கு" என்றான். அன்றைக்குத்தான் எனக்கு அந்த வண்டி மேல் உண்மையான பிடிப்பு வந்தது. இதை எவன் செய்தான், எந்த ஊர்க்காரன் என்று தெரிந்துகொள்ள வேண்டும் போலிருந்தது. ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் கட்டிலில் படுத்துக்கொண்டு போனில் தேடித் தேடிப் பார்ப்பேன். நான் கைவிட்ட பிரெஞ்சு, வீடியோவில் வந்து என்னைப் பழிவாங்கியது. கீழே ஓடும் ஆங்கில எழுத்தை நிறுத்தி நிறுத்திப் படித்தேன்.

என்ன மனிதர்களய்யா அவர்கள்! அண்ணன் தம்பிகள் மூன்று பேர். அதில் கடைக்குட்டி வீட்டுத் தோட்டத்தில் இருந்த கொட்டகையில் உட்கார்ந்து, புது மாதிரி கியர் ஒன்றை யோசித்து ஒரு வண்டியைச் செய்கிறான். கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள், ஏற முடியாது என்று எல்லாரும் சொன்ன செங்குத்தான தெருவில் அதை ஏற்றிக் காட்டுகிறான். கீழே இறங்கி வரும்போது கையில் ஆர்டர். நான் ஜெபல் ஹஃபீத்தில் பார்த்தது அவர்கள் வீட்டுப் பழைய வித்தை என்று புரிந்தபோது, நடுராத்திரி என்றும் பாராமல் ரூம்காரனை எழுப்பிச் சொன்னேன். அவன் என் வம்சத்தையே திட்டிவிட்டுத் திரும்பிப் படுத்தான்.

செய்த வண்டியை ரேஸில் ஓட்டிக் காட்டினால்தான் ஜனம் நம்பும் என்பது அவர்கள் கணக்கு. ஊருக்கு ஊர் தெருவிலேயே ஓடிய அந்தக் காலத்து ரேஸ் ஒன்றில் ஒரு சகோதரன் செத்தே போனான். அதோடு விட்டார்களா? கொஞ்ச காலத்தில் உலகத்தின் முதல் கிராண்ட் பிரீ பந்தயத்தை அவர்கள் கார்தான் ஜெயித்தது. பிறகு போர் வந்தது, கம்பெனி சர்க்கார் கைக்குப் போனது, ஏழை பாழை வாங்குகிற குட்டிக் கார்களைச் செய்தார்கள். அதற்குப் பிறகும் ரேஸ் புத்தி போகவில்லை. எல்லாரும் பெரிய இன்ஜினோடு ஓடும்போது இவர்கள் சின்ன இன்ஜினில் காற்றை அழுத்தி ஊதும் டர்போவைப் பூட்டிக்கொண்டு வந்து நின்றார்கள். அது ஓடும், புகைவிடும், நின்றுபோகும். மஞ்சள் டீ கெட்டில் என்று பட்டப்பெயர் வைத்துச் சிரித்தார்கள். இரண்டு வருஷம் அந்தச் சிரிப்பைத் தாங்கிக்கொண்டு வேலை செய்தார்கள். அப்புறம் சொந்த நாட்டு மண்ணில், சொந்த நாட்டு டிரைவர், டயர், பெட்ரோல் என்று எல்லாவற்றையும் வைத்து ஜெயித்தார்கள். கேலி பேசியவர்கள் எல்லாரும் ஓடிப்போய்த் தங்கள் இன்ஜினிலும் டர்போவை மாட்டிக்கொண்டார்கள். இதைப் படித்தபோது நான் போனை நெஞ்சில் வைத்துக்கொண்டு, "சபாஷ்டா" என்று வாய்விட்டே சொன்னேன்.

அப்புறமும் ஒரே வழியில் போனவர்கள் இல்லை. டீமை மூடுவார்கள், திரும்ப வருவார்கள். அடுத்தவன் காருக்கு இன்ஜின் கொடுத்து அவனைச் சாம்பியனாக்குவார்கள். தானே டீம் நடத்திச் சாம்பியனாவார்கள், அதை விற்பார்கள், மறுபடி வாங்குவார்கள், வேறு பெயரும் நீல நிறமும் கொடுப்பார்கள். என் மனைவி ஊரிலிருந்து போனில் இதையெல்லாம் கேட்டுவிட்டு, "நம்ம தெருவுல அந்த மளிகைக் கடைக்காரரு மாதிரில்ல இருக்கு" என்றாள். அவரும் வருஷத்துக்கு ஒருமுறை கடையை மூடிவிட்டு மறுபடி திறப்பவர். அவளுக்கு எதைச் சொன்னாலும் எங்கள் தெருவில் ஒரு ஆள் கிடைத்துவிடுவார்.

ரோட்டோரம் கொடியோடு நிற்கிற வேலைக்கு என்னை இழுத்துப் போட்டது ஒரு பல்வலி. அல் ஐனில் நான் போன பல் கிளினிக்கில் ரிசெப்ஷனில் இருந்தவர் யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர். என் வயதுக்கு இரண்டு மூன்று கூட இருக்கும். மேசை மேல் நான் வைத்த கார்ச் சாவியைப் பார்த்துவிட்டு, "உங்கட கார்க் கம்பெனிக்காரர் ரேஸ் ஓடுறவை, தெரியுமோ?" என்றார்.

கன்னம் வீங்கியிருந்ததை மறந்துவிட்டு நான் அந்தச் செங்குத்தான தெருவிலிருந்து கதையை ஆரம்பித்தேன். டீ கெட்டில் வரைக்கும் வந்திருப்பேன், டாக்டர் என்னை இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டார். அக்கா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நான் அபுதாபி ரேஸில மார்ஷல். வருஷா வருஷம் போறனான். ஆள் எடுக்கினம், வாறியளோ?" என்றார்.

மார்ஷல் என்பவர்கள் ரேஸ் நடக்கும்போது பாதை ஓரத்தில் ஆரஞ்சு உடுப்பில் நின்று கொடி காட்டுபவர்கள், விபத்தென்றால் ஓடுபவர்கள். டிவியில் பார்ப்பவர்கள் அவர்கள் எல்லாம் வெள்ளைக்காரர்கள் என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள். எங்கள் அபுதாபிப் பக்கம் வந்து பாருங்கள். ஆபீஸ் கிளார்க், நர்ஸ், டிரைவர், பள்ளிக்கூட டீச்சர் என்று எல்லா நாட்டுக்காரர்களும் லீவு போட்டுவிட்டு வந்து நிற்போம். கூலி கிடையாது. சாப்பாடு, பஸ், ஒரு தொப்பி. இதைக் கேட்டதும் என் மனைவி போனிலேயே கணக்குப் பார்த்தாள்.

"சம்பளம் இல்லாத வேலைக்கு லீவு போட்டுட்டு ரோட்டோரமா நிக்கப் போறீங்க. அதானே?"

"ஆமா."

"நல்லா இருங்க" என்று வைத்துவிட்டாள்.

பயிற்சிக்குப் போனேன், தேறினேன். பாதை ஓரத்தில் நாங்கள் நிற்கும் இடத்துக்குப் போஸ்ட் என்று பெயர், அக்காதான் எங்கள் போஸ்டுக்குத் தலைவர். கிளினிக்கில் மெதுவாகப் பேசுகிற அந்த மனுஷி, ஆரஞ்சு உடுப்பை மாட்டினால் வேறு ஆள். ரேஸ் முடியும்வரை மார்ஷலுக்கு எந்த டீமும் சொந்தமில்லை. கை தட்டக் கூடாது, கத்தக் கூடாது, போனை எடுக்கக் கூடாது. அக்காவின் தோளில் ரேடியோ எப்போதும் இரைந்துகொண்டிருக்கும், அவர் அதன் சத்தத்தை ஒருபோதும் குறைக்க மாட்டார். அதில் வரும் ஒரு சொல்லைத் தவறவிட்டால் ஒரு உயிருக்கே ஆபத்தாகிவிடும் என்பார். இப்படியே சில வருஷம் நின்றேன். என் கம்பெனியின் கார் என் முன்னால் பறந்து போகும், நான் மரம் போல நிற்பேன், உள்ளே மட்டும் துள்ளும்.

அப்போதுதான் அந்தச் செய்தி வந்தது. அந்தக் கார்க் கம்பெனி இனிமேல் ரேஸ் இன்ஜின் செய்யப்போவதில்லை. டீம் இருக்கும், காரும் இருக்கும், ஆனால் உள்ளே வேறொரு கம்பெனியின் இன்ஜின். பாரிஸ் பக்கத்தில் அத்தனை காலமாக இன்ஜின் செய்த பட்டறைக்கு வேறு வேலை கொடுக்கப்போகிறார்களாம். ஸ்டோரில் ஃபில்டர் பெட்டிகளுக்கு நடுவே நின்றுகொண்டு இதைப் படித்தேன். எனக்கு அழுகை வந்தது, சொல்வதற்கென்ன. அந்த வருஷத்தின் கடைசி ரேஸ் அபுதாபியில். அப்படியானால் அந்த இன்ஜின் கடைசியாக ஓடப்போவது எங்கள் ரோட்டில், என் கண் முன்னால். அது நடுவில் நிற்காமல் முடிவுக்கோடு வரை ஓட வேண்டும், நான் போஸ்டில் நின்று அது போவதைக் கேட்க வேண்டும். அந்த வருஷம் நான் சாமியிடம் கேட்டது இது ஒன்றைத்தான். மேனேஜர் லீவு தரமாட்டேன் என்று முரண்டு பிடித்தார். ரம்ஜான், ஓணம், தீபாவளி எதற்கும் நான் லீவு கேட்டதில்லை என்று சொல்லிச் சொல்லி, அவர் தலைவலி தாங்காமல் கொடுத்தார்.

ரேஸ் அன்று இருட்டு பிரியும் முன்பே பஸ்ஸில் போய் இறங்கினோம். அக்கா யார் யாருக்கு எந்தக் கொடி என்று சொல்லிக்கொண்டே வந்தார். எகிப்துக்காரர் ஒருவருக்கு மஞ்சள். என்னைப் பார்த்து, "தம்பி, உங்களுக்கு நீலம்" என்றார்.

நீலக் கொடி என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன். பின்தங்கிய காரை முன்னால் ஓடுபவர்கள் ஒரு சுற்றுக் கூடுதலாக ஓடிவந்து பிடித்துவிட்டால், அந்தப் பின்தங்கிய காருக்கு ஆட்டுகிற கொடி அது. ஒதுங்கு, வழி விடு என்று அர்த்தம். பார்த்தும் ஒதுங்காமல் போனால் தண்டனை. அந்த வருஷம் என் கம்பெனிக் கார்கள் இரண்டும் வரிசையின் வாலில்தான் ஓடிக்கொண்டிருந்தன. யாருக்கு அந்தக் கொடியை ஆட்ட வேண்டிவரும் என்று சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்.

"அக்கா, வேணாங்க்கா. மஞ்சளைக் குடுங்க. இன்னிக்கி ஒரு நாளைக்கு மட்டும்."

"ஏன்?"

"என் கையால அந்த வண்டியப் பாத்து ஒதுங்குன்னு எப்படிக்கா சொல்லுவேன்?"

"நீலம் ஆட்டுறதுக்கு இஞ்ச உங்களை விட்டா நல்ல ஆள் இல்லை. தூரத்தில வரேக்கையே கார் இன்னதெண்டு உங்களுக்குத் தெரியும். மற்றக் கதை ஒண்டும் வேண்டாம்."

கெஞ்சிப் பார்த்தேன். சுவரோடு பேசியிருக்கலாம்.

பொழுது சாயும் நேரத்தில் ரேஸ். ஆரம்பிப்பதற்கு முன்னால் எல்லாக் கார்களும் மெதுவாக ஒரு சுற்று வரும். என் கார்கள் கடைசியில் வந்தன. நீல உடம்பு, விளக்கு வெளிச்சத்தில் பளபளவென்று. நான் என்ன செய்தேன் என்று எனக்கே தெரியாது. கொடியை அக்குளில் இடுக்கிக்கொண்டு இரண்டு கையையும் குவித்துக் கும்பிட்டுவிட்டேன். தேர் வரும்போது கை தானாகக் குவிகிற பழக்கம், வேறென்ன.

"கோயிலே இது?" அக்கா போட்ட சத்தத்தில் எகிப்துக்காரர் திரும்பிப் பார்த்தார். "போஸ்டில நிக்கிறவன் கையைத் தூக்கினா டிரைவருக்கு அது சிக்னல். விளங்குதே? இன்னொருக்கா இப்பிடி ஏதும் செய்தா வேலிக்கு அங்கால அனுப்பிப் போடுவன். பிறகு காரும் இல்லை, கத்தரிக்காயும் இல்லை."

வேலிக்குப் பின்னால் போனால் ஒன்றும் தெரியாது. வெறும் சிமெண்டுச் சுவர்தான். அத்தனை பாடுபட்டு லீவு வாங்கி வந்தது சுவரைப் பார்க்கவா? வாயைப் பொத்திக்கொண்டு, கொடியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ரேஸ் பாதி தாண்டும்வரை எனக்கு வேலை இல்லை. பிறகு முதலில் ஓடுபவர்கள் வாலைத் தொட ஆரம்பித்தார்கள். என் கம்பெனிக் கார் ஒன்று, தனக்கு முன்னால் போகிற இன்னொரு காரை ஒட்டிக்கொண்டு வந்தது. பல சுற்றாக அதைத் துரத்திக்கொண்டிருந்தது, என் கண்ணெதிரே அந்த வளைவில் பக்கவாட்டில் மூக்கை நீட்டிவிட்டது. இன்னும் ஒரு வளைவு, முந்திவிடும். பின்னால் பார்த்தேன். வருகிறான் முதலாமவன், அம்பு மாதிரி. இப்போது நான் கொடியை ஆட்டினால் இது ஒதுங்க வேண்டும், ஒதுங்கினால் பிடித்த பிடி போயிற்று. ஒரு மூச்சு நேரம் சும்மா நின்றால் போதும். பாதை ஓரத்து விளக்குப் பலகை அதே நீலத்தைத் தானாகக் காட்டிவிடப்போகிறது, என் கொடியை யார் கவனிக்கப்போகிறார்கள் என்று மனசு சொன்னது.

"தம்பி, ஆட்டுங்கோ!"

அக்கா கத்தினது அப்புறம்தான். அதற்கு முன்பே என் கை ஆட்டத் தொடங்கிவிட்டது, இதைச் சத்தியமாகச் சொல்வேன். டீ கெட்டில் என்று ஊரே சிரித்தபோதுகூட நேர்வழியில் ஜெயித்தவர்கள் அவர்கள். அவர்களுக்கு என் திருட்டுப் பிச்சை எதற்கு? தோள் கழன்றுவிடும் போல ஆட்டினேன். கார் உடனே ஒதுங்கியது. சண்டித்தனம் இல்லை, தயக்கம் இல்லை. முதலாமவன் போனான், இரண்டாமவன் போனான், அதற்குள் அது துரத்திக்கொண்டிருந்த கார் எங்கோ போய்விட்டது. எனக்கு ஆத்திரமும் அழுகையும் ஒன்றாக வந்தன. என் மேலேயே ஆத்திரம், அக்கா மேல், கொடி மேல், வேகமாக ஓடுகிற எல்லார் மேலும். பாவி மகனே, உன் கையாலேயே தள்ளிவிட்டாயே என்று முணுமுணுத்துக்கொண்டேன்.

"கண்ணை ரோட்டில வையுங்கோ. இன்னும் முடியேல்லை" என்றார் அக்கா.

ரேஸ் முடியக் கொஞ்ச சுற்றுகள் இருக்கும்போது ரேடியோ ஏதோ கரகரத்தது. அக்காவின் முகம் மாறியது. ஒரு கார் மெதுவாகிறதாம், எது என்று தெரியவில்லையாம்.

"எந்தக் காருக்கா?"

"கதைக்காதேங்கோ, கேக்க விடுங்கோ."

என் உள்ளங்கை வேர்த்துக் கொடிக்கம்பு வழுக்கியது. கடைசியில் இப்படியா? முடிவுக்கோடு கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் வந்து நிற்கவா இத்தனை வருஷம் ஓடினாய்? எங்கள் ஊர் சனி பகவானுக்கு என்னவெல்லாமோ வேண்டிக்கொண்டேன். அக்கா ரேடியோவைக் காதோடு வைத்துக் கேட்டுவிட்டு, என் பக்கம் திரும்பித் தலையை ஆட்டினார். "உங்கடது இல்லை." அது வேறு டீமின் கார். ஐயோ பாவம் என்று நினைத்தேன் என்று பொய் சொல்ல மாட்டேன். நிம்மதியாகக் கொடிக்கம்பைத் துடைத்து மறுபடி பிடித்துக்கொண்டேன்.

கட்டம் போட்ட கொடி விழுந்தது. ரேஸ் முடிந்தது. கார்கள் நிதானமாக ஒரு சுற்று வரும்போது எல்லா போஸ்டிலும் மார்ஷல்கள் ஓரத்துக்கு வந்து, கையில் இருக்கிற எந்தக் கொடியானாலும் ஆட்டி டிரைவர்களை வழியனுப்புவது வழக்கம். அத்தனை நேரம் மரமாய் நின்றவர்களுக்கு அந்தச் சில நிமிஷம்தான் திருவிழா. நானும் ஆட்டினேன். ஜெயித்தவனுக்கு ஆட்டினேன், தோற்றவனுக்கு ஆட்டினேன். கூட்டமாக வந்த கார்கள் இரைச்சலோடு போய்விட்டன. என் கம்பெனிக் கார் இரண்டும் கடைசி. முதலில் ஒன்று போனது, அதன் சத்தம் மற்றவற்றோடு கலந்துபோய்விட்டது. இரண்டாவது இன்னும் வரவில்லை. எகிப்துக்காரர் எல்லாம் முடிந்தது என்று நினைத்து, "கலாஸ்" என்று கொடியைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

அப்போது அது வந்தது. கடைசி என்பதால் தன்னந்தனியாக வந்தது. முன்னால் ஒரு காரும் இல்லை, பின்னால் ஒன்றும் இல்லை. காதில் அடைத்திருந்த பஞ்சை இரண்டு பக்கமும் பிடுங்கி எறிந்தேன். அந்தப் பழைய கால இன்ஜின்கள் போல இவை கத்துவதில்லை. ஒரு கரகரப்பு, அதற்குள் மெல்லிய விசில், வளைவில் தணிந்து, நிமிர்ந்ததும் மறுபடி எழும்பிய குரல். எந்தக் கோளாறும் இல்லாத, ஆரோக்கியமான குரல். ஓட வேண்டியதை ஓடி முடித்துவிட்டது. அந்தப் பட்டறையை விட்டு இன்ஜின் வேலை போகப்போகிறது என்று தெரிந்தும் கடைசி நட்டு வரைக்கும் சரியாக முடுக்கி அனுப்பிய கைகளை நினைத்தேன். மகராசன்களா, நல்லா இருங்கடா என்று சொன்னேனா, நினைத்தேனா, தெரியவில்லை. டிரைவர் எங்கள் போஸ்டைப் பார்த்துக் கையைத் தூக்கினான். ஊரில் உள்ள எல்லாருக்கும் கொடியை ஆட்டிய எனக்கு அதற்கு மட்டும் ஆட்டத் தோன்றவில்லை. கை கீழே தொங்க, வாயைப் பிளந்துகொண்டு கேட்டபடியே நின்றேன்.

எப்படி இவ்வளவு தெளிவாகக் கேட்கிறது, நடுவில் எந்த இரைச்சலும் இல்லையே என்று திரும்பிப் பார்த்தேன். அக்கா ஒரு உள்ளங்கையால் தோளிலிருந்த ரேடியோவை அழுத்திப் பொத்திக்கொண்டிருந்தார். இன்னொரு கையை உயரத் தூக்கி, கார் வளைவில் மறையும்வரை, எனக்கும் சேர்த்து ஆட்டிக்கொண்டிருந்தார்.